அசெஸ்மென்ட்டுக்கு ஆள் வரும்போது "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள்

கேள்வி:

நாங்கள் வடமேற்கு லண்டனில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மோட்கேஜ் இன்னும் முடியவில்லை. அம்மாவுக்கு 76 வயது. அப்பா காலமான பிறகு 2004 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். பிரிட்டிஷ் பிரஜாவுரிமை இருக்கிறது, பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவிப் பணம்) எடுக்கிறார். சீனி வருத்தம், இரண்டு முழங்காலிலும் வாதம். மாசி மாதம் குளிக்கும்போது தொட்டிக்குள் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பயத்தில் கிழமைக்கு ஒருமுறைதான் குளிக்கிறார், படியிறங்கவும் யோசிக்கிறார். நானும் கணவரும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. பகல் முழுக்க அம்மா தனியே ரீவியோடுதான். ஆங்கிலம் தெரியாது. ஜீ.பி. மாத்திரையைக் கூட்டித் தருவதோடு சரி. கவுன்சிலிலிருந்து வந்த ஒரு துண்டுப் பிரசுரத்தில் உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் உதவுவோம் என்று போட்டிருந்தது. குப்பை அள்ளுகிறவர்களுக்கும் கவுன்சில் ரக்ஸ் வாங்குகிறவர்களுக்கும் இதில் என்ன வேலை? சோஷல் சேர்விஸை உள்ளே விட்டால் அம்மாவை முதியோர் ஹோமில் போட்டுவிடுவார்கள், வீட்டையும் எழுதி வாங்குவார்கள் என்று சொந்தக்காரர் பயப்படுத்துகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கவுன்சிலின் 'அடல்ட் சோஷல் கெயார்' பிரிவுக்குத் தொலைபேசி எடுங்கள். அம்மாவுக்கு 'கெயார் நீட்ஸ் அசெஸ்மென்ட்' (என்ன பராமரிப்புத் தேவை என்ற மதிப்பீடு) வேண்டும், எனக்கு 'கெயரர்ஸ் அசெஸ்மென்ட்' (பராமரிக்கிறவருக்கான மதிப்பீடு) வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். அம்மா விழுந்தவர் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். பொதுவாக "உதவி ஏதும் கிடைக்குமா" என்று கேட்டால் ஒரு இணையத்தள முகவரியைத் தந்து போனை வைத்துவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் கதை வேறு. இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டின் கெயார் அக்ட்படி, ஒருவருக்குப் பராமரிப்புத் தேவைப்படலாம் என்று தோன்றினாலே கவுன்சில் அவரை மதிப்பீடு செய்தாக வேண்டும். அவரிடம் எவ்வளவு காசு இருக்கிறது, தேவை பெரிதா சிறிதா என்பதெல்லாம் பிறகு பார்க்கிற விஷயங்கள். அவற்றைக் காட்டி மதிப்பீட்டை மறுக்க முடியாது.

இனி சொந்தக்காரர் சொன்ன பயங்கள். நான் ஒக்குபேஷனல் தெரப்பிஸ்ட், குளிப்பது, படியேறுவது போன்ற அன்றாட வேலைகளை ஆட்கள் செய்ய வழி பார்த்துக் கொடுப்பவள். ஆஸ்பத்திரியிலும் கவுன்சிலிலும் வேலை செய்தவள். எங்கள் ஆட்களின் வீடுகளில் இந்தப் பயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அம்மாவுக்குத் தன் விஷயத்தைத் தானே தீர்மானிக்கும் புத்தித் தெளிவு இருக்கும்வரை, அவர் விருப்பமில்லாமல் யாரும் அவரை ஹோமில் சேர்க்க முடியாது. மதிப்பீடே வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. உண்மையில் கவுன்சில்கள் ஹோமைத் தவிர்க்கத்தான் பார்க்கின்றன, அது அவர்களுக்கு அவ்வளவு செலவு. வீட்டைப் பொறுத்தவரை, அது உங்களுடையது, அம்மாவுடையது அல்ல. பராமரிப்புக்குக் காசு கட்ட வேண்டுமா என்று கணக்குப் பார்க்கும்போது அம்மாவின் வருமானத்தையும் சேமிப்பையும் மட்டுமே பார்ப்பார்கள். உங்கள் சம்பளமும் உங்கள் கணவரின் சம்பளமும் அதற்குள் வராது. சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் பராமரிப்புச் செலவு முழுவதையும் அவரே கட்ட வேண்டும். 14,250 க்குக் கீழே என்றால் சேமிப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். பென்ஷன் கிரெடிட் எடுக்கிற அம்மாவுக்கு இது பெரிய தலையிடியாக இருக்காது. உங்கள் வீட்டைத் தொடக்கூடிய ஒரே ஒரு இடம் உண்டு, அதை மறைக்காமல் கீழே எழுதுகிறேன்.

இந்தப் பதிலை வாசிக்கிற வேறு குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: பெற்றோரின் விசாவில் அரச உதவி எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், எந்த உதவிப் பணத்துக்கும் விண்ணப்பிக்க முதல் குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள். இந்தச் சகோதரியின் அம்மா பிரஜை, அவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மதிப்பீட்டுக்கு ஆள் வரும் அந்த ஒரு மணித்தியாலம். எங்கள் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். முதல் நாளே வீடு பளபளக்கும். அம்மா நல்ல சேலை கட்டி, பொட்டு வைத்து, கதிரையில் நிமிர்ந்து இருப்பார். தேத்தண்ணியும் பலகாரமும் வரும். வந்தவர் "குளிக்க முடிகிறதா?" என்று கேட்டால் அம்மா "ஓம், பரவாயில்லை" என்பார். "சமைப்பீர்களா?" என்றால் "ஓம்" என்பார், சமைத்துக் கனகாலம் ஆகியிருந்தாலும். மகள் பக்கத்தில் இருந்து, "நாங்கள் பார்த்துக்கொள்வோம், சமாளிக்கிறோம்" என்பார். வந்தவர் அதையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டு போவார். மூன்று கிழமையில் 'தகுதி இல்லை' என்று கடிதம் வரும். வந்தவரில் பிழை இல்லை, அவர் கேட்டதைத்தான் எழுதினார்.

சட்டம் 'முடியாது' என்பதை எப்படி விளக்குகிறது என்று தெரிந்தால் நீங்கள் வேறு மாதிரிப் பதில் சொல்வீர்கள். ஒருவர் துணையோடுதான் ஒன்றைச் செய்ய முடிகிறது என்றால், அது முடியாததாகவே கணக்கு. தனியே செய்யலாம், ஆனால் கடும் நோவோடு அல்லது மனப்பதற்றத்தோடு என்றாலும் அப்படித்தான். ஆபத்து இருக்கிறது என்றாலும், வழமையைவிட மிகக் கூட நேரம் எடுக்கிறது என்றாலும் அதே கணக்குத்தான். உங்கள் அம்மாவின் குளிப்பை இதில் வைத்துப் பாருங்கள். பயம், நோவு, ஆபத்து மூன்றும் இருக்கின்றன. ஆகவே கேள்விக்கு உண்மையான பதில், "முடியாது. விழுந்த பிறகு கிழமைக்கு ஒருமுறைதான் குளிக்கிறார், அதுவும் நான் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும்." இது மிகைப்படுத்தல் இல்லை. நல்ல நாளைப் பற்றிச் சொல்லாமல் கூடாத நாளைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: இரவில் எத்தனை தரம் எழும்பினார், எதைப் பிடித்து எழும்பினார், மத்தியானம் சாப்பாட்டைச் சூடாக்கிச் சாப்பிட்டாரா அல்லது பிஸ்கட்டோடு விட்டாரா, எந்த மாத்திரையை மறந்தார். சீனி வருத்தக்காரர் மத்தியானச் சாப்பாட்டைத் தவறவிடுவது சின்ன விஷயம் இல்லை.

மொழிபெயர்ப்பாளரைக் கட்டாயம் கேளுங்கள். நீங்களே மொழிபெயர்க்க வேண்டாம். உங்கள் மகனோ மகளோ வேண்டவே வேண்டாம். கழிப்பறைக் கதையை அம்மா பேரப்பிள்ளையின் வாயால் சொல்ல மாட்டார், நீங்கள் இருந்தாலும் பாதியை விழுங்குவார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டால் கவுன்சில் ஒழுங்கு செய்யும். செய்யாமல் ஆளை மட்டும் அனுப்பினால், இன்னொரு நாள் வரச் சொல்வதில் தப்பில்லை.

இன்னொன்று. அம்மா எப்படிக் குளிக்கிறார் என்று சொல்லுங்கள். வாளியும் கோப்பையும் வைத்துத் தொட்டிக்குள் நின்று வார்க்கிறாரா, குந்தி இருக்கிறாரா? கழிப்பறையில் தண்ணீர் பாவிக்க ஜக் தூக்குகிறாரா? சாமியறை மேல்மாடியிலா? காய்கறி வெட்ட நிலத்தில் இருக்கிறாரா? எங்கள் வீட்டுப் பழக்கம் தெரியாத தெரப்பிஸ்ட் மனதில் ஷவரையும் சோபாவையும் வைத்துக்கொண்டு உபகரணம் எழுதுவார். அது கராஜுக்குள் கிடந்து தூசி பிடிக்கும்.

கையோடு செய்யக்கூடியவை: சுவரில் திருகாணி போட்ட கைபிடிகள், தொட்டிக்குக் குறுக்கே வைக்கும் இருக்கைப் பலகை, உயரமான கழிப்பறை இருக்கை, படிக்கு இரண்டாவது பிடி. இங்கிலாந்தில் 1,000 பவுணுக்கு உட்பட்ட உபகரணமும் சிறு வீட்டு மாற்றமும் தகுதியானவர்களுக்கு இலவசம், வருமானம் பார்ப்பதில்லை. அதுவரைக்கும் ஒரு நல்ல இறப்பர் பாய் வாங்கித் தொட்டிக்குள் போடுங்கள். உறிஞ்சி ஒட்டுகிற பிளாஸ்ரிக் கைபிடியை மட்டும் வாங்காதீர்கள். ஓடு ஈரமானால் அது கழன்றுவிடும், அதுவும் அம்மா முழுப் பாரத்தையும் கொடுக்கிற அந்த நேரத்தில். துவாய் போடுகிற கம்பியைப் பிடித்து எழும்புகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

தொட்டியை எடுத்துவிட்டு நிலமட்ட ஷவர் போடுவதோ, படியில் ஓடும் கதிரை பூட்டுவதோ பெரிய வேலை. அதற்கு 'டிசேபிள்ட் பெசிலிட்டீஸ் கிராண்ட்' என்று ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை கிடைக்கும். வருமானம் பார்ப்பார்கள், ஆனால் இங்கும் அம்மாவின் வருமானத்தைத்தான். பென்ஷன் கிரெடிட் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் கையிலிருந்து கட்ட வேண்டி வராது. நான் சொன்ன அந்த ஒரு இடம் இதுதான்: கிராண்ட் 5,000 பவுணுக்கு மேலே போனால், பத்து வருடத்துக்குள் வீட்டை விற்றால் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கும் உரிமையைக் கவுன்சில் வைத்துக்கொள்ளலாம். அதுவும் 10,000 பவுணுக்கு மேல் போகாது. வீட்டை எழுதி வாங்குவது என்று சொந்தக்காரர் கேள்விப்பட்டது அநேகமாக இதன் திரிபாக இருக்கலாம். முழு விண்ணப்பம் கொடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அனுமதி வர முன் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். தொடங்கினால் கிராண்ட் போய்விடும், தெரிந்த பில்டர் மலிவாகச் செய்து தருகிறேன் என்றாலும்.

அம்மாவின் தனிமையை நீங்கள் ஒரு வரியில் எழுதி, உடனே மாத்திரைக்குப் போய்விட்டீர்கள். அந்த வரியில் நிற்க விரும்புகிறேன். சட்டம் பத்து விஷயங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் இரண்டையோ அதற்கு மேலோ ஒருவரால் உடல் அல்லது மன நலக் குறைவால் செய்ய முடியாமல் போய், அது அவர் வாழ்வைப் பெரிதாகப் பாதித்தால் உதவி செய்ய வேண்டும் என்கிறது. சாப்பாடு, சுத்தம், கழிப்பறை, உடுப்பு இவற்றோடு, உறவுகளைப் பேணுவதும் வெளியே போய் ஊர் வசதிகளைப் பயன்படுத்துவதும் அதே பட்டியலில் இருக்கின்றன. நூலகமும் பூங்காவும் பஸ்ஸும் அந்த 'வசதி'களுக்குள் அடக்கம். அதாவது முழங்காலாலும் பயத்தாலும் வீட்டுக்குள் முடங்கிய அம்மாவின் பகல் நேரத்தைக் குளிப்பைப் போலவே சம உரிமையோடு கேட்கலாம். கேட்கிறவர் குறைவு. "தனிமை எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று நாங்களே தள்ளிவிடுகிறோம்.

கிடைக்கக்கூடியது என்ன? லண்டனில் பல தமிழ் முதியோர் சங்கங்கள் கிழமைக்கு ஒருநாள் கூடுகின்றன. சிலவற்றுக்குக் கவுன்சில் மண்டபமோ சிறு நிதியோ கொடுக்கிறது. தமிழர் அதிகம் வாழும் இடங்களில் நூலகங்களில் தமிழ்ப் புத்தகம் இருக்கும். வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தரும் சேவை பல கவுன்சில்களில் உண்டு. அம்மாவிடம் ஃப்ரீடம் பாஸ் (முதியோருக்கான இலவசப் பயண அட்டை) இல்லாவிட்டால் எடுங்கள், அதற்குக் காசு கட்டுவது லண்டன் கவுன்சில்கள்தான். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகு பஸ்ஸும் ட்யூப்பும் இலவசம். 65 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவர் வருடத்தில் ஒருமுறையாவது விழுகிறார். அதனால் கால் பலத்துக்கும் சமநிலைக்குமான உடற்பயிற்சி வகுப்புகளைப் பல இடங்களில் கவுன்சிலும் என்.எச்.எஸ்.உம் நடத்துகின்றன. ஜீ.பி. மாத்திரைதான் தருகிறார் என்றீர்கள். அடுத்த முறை அங்கே 'சோஷல் பிரஸ்கிரைபர்' இருக்கிறாரா என்று கேளுங்கள். இப்படியான குழுக்களோடு ஆளைக் கோர்த்துவிடுவதுதான் அவர் வேலை.

அம்மா வெளியே போகத் தயங்குவதற்கு, வாயால் சொல்லாத ஒரு காரணம் இருக்கலாம்: வழியில் சலம் வந்தால் எங்கே போவது? சீனி வருத்தக்காரருக்கு இது பெரிய விஷயம். வெட்கக்கேடு என்னவென்றால், பொதுக் கழிப்பறை கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று இங்கே கவுன்சில்களுக்குச் சட்டமே இல்லை. பலது பூட்டிவிட்டார்கள். சில கவுன்சில்கள் கடைகளோடும் கபேக்களோடும் ஒப்பந்தம் செய்து, எதுவும் வாங்காமலே உள்ளே போகலாம் என்று கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டவைத்திருக்கின்றன. உங்கள் பகுதியில் எவை என்று ஒருநாள் நீங்கள் நடந்து பார்த்து அம்மாவுக்குக் காட்டிவிடுங்கள். பூட்டிய மாற்றுத்திறனாளி கழிப்பறைகளுக்கு 'ராடார் கீ' என்ற சாவி சில பவுணுக்கு வாங்கலாம்.

குப்பை அள்ளுகிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். குப்பை அள்ளுவதே சுகாதார வேலைதான். 1847 இல் லிவர்பூல் நகரம் டொக்டர் டங்கனைச் சுகாதார அதிகாரியாக நியமித்தது, இந்த நாட்டில் அதுதான் முதல் தரம். 1854 இல் சோஹோவில் கொலரா பரவியபோது, தண்ணீரால்தான் அது பரவுகிறது என்று டொக்டர் ஜோன் ஸ்னோ சொன்னதைக் கேட்டுத் தெருத் தண்ணீர்ப் பம்பின் கைபிடியைக் கழற்றியது அந்தப் பகுதி உள்ளூர் நிர்வாகம். ஊரில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கிணற்றுக்குக் குளோரின் போட்டதையும் கடையில் வடையைத் திறந்து வைத்ததற்கு வழக்குப் போட்டதையும் அம்மா நினைவு வைத்திருப்பார். அதே வேர்தான். இங்கே 1974 இல் அந்த வேலையைப் பிடுங்கி என்.எச்.எஸ்.இடம் கொடுத்தார்கள், 2013 சித்திரையில் பெரும்பகுதியைத் திரும்பக் கவுன்சிலிடம் கொடுத்தார்கள். அதனால்தான் அந்தப் பிரசுரம் உங்கள் கதவுக்குள் விழுந்தது.

அந்த 2013 மாற்றத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 40 இலிருந்து 74 வயதுக்குள், ஏற்கெனவே சீனி, இதய வருத்தம் போன்றவை இல்லாதவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 'ஹெல்த் செக்' இலவசம், கவுன்சில் காசில். அம்மாவுக்குச் சீனி இருப்பதால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு கூட. தெற்காசியருக்கு உடல்நிறைச் சுட்டெண் 23 ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்பதுதான் இங்குள்ள வழிகாட்டல், 25 வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உங்களுக்கு நாற்பது கடந்திருந்தால் அழைப்புக் கடிதம் வரும்வரை இருக்காமல் ஜீ.பி.யிடம் கேளுங்கள்.

கெயரர்ஸ் அசெஸ்மென்ட்டை மறந்துவிடாதீர்கள். "நான் கெயரர் இல்லை, மகள்" என்று சொல்வீர்கள். சட்டத்துக்கு இரண்டும் ஒரே ஆள்தான். உங்கள் நித்திரை, முதுகு, வேலை, பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நேரம் எல்லாம் அதில் வரும். 2024 சித்திரையிலிருந்து, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வருடத்துக்கு ஒரு கிழமை சம்பளமில்லாத பராமரிப்பு விடுப்பு எடுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அம்மாவுக்கு வீட்டில் பராமரிப்பாளர் தேவை என்று முடிவானால் 'டிரெக்ட் பேமென்ட்' கேட்கலாம். காசைக் கையில் வாங்கித் தமிழ் பேசுகிற ஒருவரை நீங்களே அமர்த்தலாம். ஒரே வீட்டில் இருக்கிற நெருங்கிய உறவினருக்கு அதைக் கொடுக்கப் பொதுவாக விடமாட்டார்கள்.

'அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்' கவுன்சில் சேவை இல்லை, மத்திய அரசு தருவது. ஆனாலும் சேர்த்துச் சொல்கிறேன். ஓய்வூதிய வயதைத் தாண்டி, ஆறு மாதமாக உடல் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு அது உரியது. வருமானம், சேமிப்பு பார்ப்பதில்லை. பென்ஷன் கிரெடிட்டும் குறையாது. போனில் படிவம் கேட்டு ஆறு கிழமைக்குள் திருப்பி அனுப்பினால், போன் எடுத்த நாளிலிருந்தே காசு கணக்கு. ஏஜ் யூகே அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆட்களோடு இருந்து நிரப்புங்கள். அங்கேயும் "பரவாயில்லை" வேண்டாம்.

எல்லாம் சுலபமாக நடக்கும் என்று நான் சொல்லவில்லை. கவுன்சில்களிடம் காசில்லை. குரொய்டன் 2020 இலும் பர்மிங்ஹாம் 2023 இலும் கையை விரித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நூலக நேரமும் முதியோர் மண்டபமும் முதலில் வெட்டுப்படும். மதிப்பீட்டை வெட்ட முடியாது, ஆனால் இழுத்தடிக்க முடியும். மாதக்கணக்கில் வரிசை இருக்கலாம். போன் எடுத்த திகதி, பேசியவர் பெயர், தந்த இலக்கம் எல்லாம் எழுதி வையுங்கள். அம்மா திரும்ப விழுந்தால் உடனே எடுத்துச் சொல்லுங்கள், வரிசையில் இடம் மாறும். அவசரத் தேவை என்றால் மதிப்பீடு முடிய முன்பே உதவி கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிலே வராவிட்டால் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், உங்கள் வட்டாரக் கவுன்சிலருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தமிழ்க் கவுன்சிலர் என்றுதான் இல்லை, யாராக இருந்தாலும் அது அவர் வேலை. அதற்கும் மசியாவிட்டால், கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். விஷயம் தெரிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் அவரிடம் போக வேண்டும்.

போன் எடுக்க முதல் அம்மாவிடம் கேளுங்கள். "சோஷல் சேர்விஸ்" என்று தொடங்கினால் வேண்டாம் என்பார். குளிக்கிற இடத்தில் பிடிக்கக் கம்பி போட ஒருவர் வந்து பார்க்கப் போகிறார், தமிழில் கதைக்க ஒருவரும் கூட வருவார் என்று சொல்லிப் பாருங்கள். கம்பிக்கு அனேகமாக எந்த அம்மாவும் சம்மதிப்பார். மிச்சத்தை வந்தவரிடம் அவரே கேட்பார்.